ஆறு பேருக்கான தொட்டி

கழிவறையில் தண்ணீர் திறந்துவிடும் சத்தம் பதினேழாவது முறையாகக் கேட்டபோது மருமகள் மாமனாரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பதினேழு, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் உதடு அசைவதைப் பார்த்து, பாவம், பிரார்த்தனை செய்கிறாள் என்று நினைத்தார்கள்.

ஒரு வகையில் பிரார்த்தனைதான். வீட்டுக்குப் பின்னால் புதைத்திருக்கும் புதுக் கழிவுநீர்த் தொட்டி ஆறு பேருக்குக் கணக்குப் போட்டு வாங்கியது. அது ஓடத் தொடங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. விடிந்ததிலிருந்து வீட்டுக்குள் வந்து போனவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் அழுதுவிட்டுப் போவார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அழுத கையோடு பாதிப் பேர் கழிவறைக்கும் போவார்கள் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

தொட்டி பொங்கினால் தீர்ந்தது. மாமனார் வாக்கு பலித்துவிடும்.

"நீ சொல்ற அந்த டப்பாவை வாங்கி வச்சீன்னா, என் சாவுக்கு வர்றவங்கள்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு நிப்பாங்க. எழுதி வச்சுக்கோ" என்று அவர் சொல்லி ஆறு மாதமிருக்கும். அப்போது நடமாட்டத்தோடு இருந்தார். இப்போது வெள்ளைத் துணிக்கடியில், மூக்கு மட்டும் கொஞ்சம் எடுப்பாக, யார் மூக்கைப் பொத்துகிறார்கள் என்று வேவு பார்க்கிறவர் மாதிரிப் படுத்திருந்தார்.

நாற்பது வருஷம் பிளம்பர். அந்த வட்டாரத்தில் அவர் கை படாத குழாய் கிடையாது. எந்த வீட்டில் எந்தச் சுவருக்குள் எது ஓடுகிறது என்பதை வீட்டுக்காரர்கள் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார். ஆனால் ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். அவர் வீட்டில் மழைக்காலம் வந்தால் குளியலறையில் தண்ணீர் இறங்காமல் கணுக்கால் வரை நிற்கும். கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தபோது, குடிக்க வேண்டாம், பல்கூட விளக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் மருமகளுக்கு அந்தக் கடைசி வரி பொறுக்கவில்லை. அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள்.

மூன்று கம்பெனிகள் வந்து பார்த்தன. முதலாவது, பழைய மாதிரியே தொட்டியும், அதன் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியும். இரண்டாவது, எதுவும் வெளியே போகாத அடைத்த தொட்டி. மாதாமாதம் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். மூன்றாவது, உள்ளே காற்றை ஊதி, நுண்ணுயிர்களை வளர்த்து, அவற்றையே கழிவைத் தின்ன வைத்து, தெளிந்த தண்ணீரை மதிலோரச் செடிகளுக்கு விடும் புதுவகை. மாமனார் முதலாவதைத் தவிர எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"பீக்கு மூச்சு முட்டுதுன்னு காத்தாடி வைக்கிற காலம் வந்துடுச்சு" என்றார். "கரண்ட் போனா என்னம்மா பண்ணுவே?"

"நாலு மணி நேரம் தாங்குமாம் மாமா."

"அஞ்சாவது மணி நேரம்?"

அதையும் அவள் கேட்டு எழுதி வைத்திருந்தாள். சின்ன பேட்டரி உண்டு. பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அவர் கண்ணாடி இல்லை என்று சொல்லிவிட்டார். கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது.

மூன்றாவது கம்பெனிப் பெண் வந்து மண்ணைச் சோதித்த அன்று நடந்தது இன்னும் கூத்து. குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பார்கள். அப்போது மாமனார் படுக்கையில் விழுந்துவிட்டிருந்தார். ஜன்னலருகே கட்டிலைப் போடச் சொல்லி, தன் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவரும் நேரம் பார்த்தார். கம்பெனிப் பெண் நாற்பது நிமிடம் என்றாள். உள்ளேயிருந்து, "முப்பத்தாறு!" என்று குரல் வந்தது. எதுவானாலும் களிமண், உறிஞ்சுகுழிக்கு ஆகாது, கிணறு வேறு பக்கத்தில் என்றாள் அவள். மருமகள் அன்றைக்கே காற்றூதும் தொட்டிக்குக் கையெழுத்துப் போட்டாள். வீடு கணவன் பேரில் இருந்தாலும் இந்த விஷயத்தில் அவன், "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க, நான் நடுவுல வரலை" என்று ஒதுங்கிக்கொண்டவன்.

அதுவரை எல்லாம் சண்டை. சண்டையில் குறையொன்றும் இல்லை. சோற்றுக்கு உப்பு மாதிரி அது இருவருக்கும் வேண்டியிருந்தது. பேச்சு நின்றது புதுத் தொட்டி ஓடத் தொடங்கிய அன்று.

அன்று பழைய தொட்டியைக் காலிசெய்ய லாரி வந்தது. மாமனாரும் அவருடைய சிநேகிதர் கொத்தனாரும் சேர்ந்து இளவயதில் கட்டிய தொட்டி அது. மூத்த மகள் பிறக்கப் போகிற அவசரத்தில், ஐப்பசி மழையில், ஊற ஊறத் தண்ணீரை இறைத்துக்கொண்டே எழுப்பினோம் என்று மாமனார் நூறு தடவை சொல்லியிருக்கிறார். லாரிக்காரர் குழாயை விட்டு உறிஞ்சினார், உறிஞ்சினார், தண்ணீர் குறைவதாக இல்லை.

"என்னக்கா இது, கிணத்தை உறிஞ்சுற மாதிரி இருக்கு?" என்றவர், நீளக் கம்பியை இறக்கிக் குத்திப் பார்த்தார். கம்பி டங்கென்று நிற்கவில்லை. மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போனது. "அடித்தளமே போடலை. நாலு சுவருதான். இத்தனை வருஷமா எல்லாம் நேரா கிணத்துக்குத்தான் போயிருக்கு. யாருக்கா இதைக் கட்டினது?"

அவள் நிமிர்ந்தாள். ஜன்னலில் மாமனாரின் முகம் இருந்தது. அவள் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். அவர் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"மண்ணைப் போட்டு மூடிடலாம்" என்று மட்டும் சொன்னாள். வேறு யாரிடமும், கணவனிடம்கூட, அவள் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் அவளிடம் பேசவில்லை. மருந்து கொடுத்தால் வாங்கிக்கொண்டார், கஞ்சி கொடுத்தால் குடித்தார், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தன் மானத்தைத் தோண்டி வெளியே போட்டுவிட்டாள் என்ற கோபம் என்று நினைத்தாள். பரவாயில்லை மாமா என்று சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தாள். எது பரவாயில்லை என்று சொன்னால்தானே அந்தச் சொல்லுக்கு அர்த்தம்? அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல வழியில்லை. சரி, நாளைக்குச் சொல்லலாம் என்று பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் விடியற்காலையில் மனிதர் தூக்கத்திலேயே போய்விட்டார். வலியில்லாமல் போனார் என்று டாக்டர் சொன்னார். அவளுக்குத்தான் வலித்தது. என்மேல் கோபத்தோடேயே போய்விட்டாரே என்ற ஒன்றே உள்ளே கிடந்து அறுத்தது. அதை நினைக்காமல் இருக்கத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பதினெட்டு. பத்தொன்பது.

மதியம் நாத்தனார் வந்து சேர்ந்தாள். நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்தவள், அப்பாவின் கால்களைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். சும்மா உட்காரத் தெரியாதவள். துக்கம் வந்தால் துடைப்பத்தைத்தான் தேடுவாள். கொஞ்ச நேரத்தில் மருமகள் தற்செயலாகத் திரும்பியபோது, கழிவறை வாசலில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். கையில் பினாயில் பாட்டில். மூடி திறந்திருந்தது.

கம்பெனிப் பெண் தலையிலடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனது அது ஒன்றைத்தான்: பினாயில், ஆசிட் எதுவும் ஆகாது, இரண்டு மாதம் கைக்குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு பாட்டில் ஊற்றினால் உள்ளே இருக்கிற அத்தனை உயிரும் செத்துவிடும்.

"அண்ணி! ஊத்தாதீங்க!"

போட்ட சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது. அவள் ஓடிப்போய் நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடும்மா, கை வலிக்குது. நான் எங்க ஊத்தினேன்? ஊத்த வந்த பக்கத்து வீட்டம்மாகிட்டயிருந்து பிடுங்கிட்டு நிக்கிறேன்" என்றாள் நாத்தனார். "வந்ததுலேருந்து இது மூணாவது பாட்டில். ஆளாளுக்கு உதவி பண்றோம்னு தூக்கிட்டு வர்றாங்க."

மருமகளுக்குப் புரியவில்லை. "இதுல ஊத்தக்கூடாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்பாதான் சொன்னாரு. முந்தாநாள் போன் பண்ணினாரு. நான் போனதும் வீட்டுல கூட்டம் கூடும், நீ கூடத்துல உக்காந்து ஒப்பாரி வைக்காதே, போய்க் கழிவறை வாசல்ல நில்லுன்னாரு. ஒருத்தரையும் பினாயில் ஊத்த விடாதே, அவ தொட்டி செத்துப் போயிடும்னாரு." நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாகப்போற மனுஷன் பேசற பேச்சாப்பா இதுன்னு திட்டினேன். இல்லடி, நல்ல சாமான், அவ சரியாத்தான் பாத்து வாங்கியிருக்கா, நான்தான் வீம்பு பண்ணிட்டேன்னாரு."

மருமகள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அதை அவகிட்டயே சொல்லுங்களேன்ப்பா, பக்கத்துலதானே இருக்கான்னேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றதுன்னாரு. ஏன் அப்படிச் சொன்னாருன்னுதான் எனக்குப் புரியலை. உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா?"

"சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லைண்ணி" என்றாள் மருமகள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை, மூக்கும் வாயுமாக, நடுவில் சிரிப்பும் கலந்து வந்தது. கோபமில்லை. வெட்கம். பத்து நாளும் சுவரைப் பார்த்துக் கிடந்தது வெட்கத்தில். நெஞ்சிலிருந்து ஒரு பாறையையே புரட்டிப் போட்ட மாதிரி இருந்தது. நாத்தனார் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அவளை அணைத்துக்கொண்டாள். பார்த்தவர்கள், மருமகள் அமைவதென்றால் இப்படி அமைய வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

நாலு மணிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பின்பக்கம் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள் மருமகள். தொட்டியின் மூடியருகே குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஈர மண் வாசனைதான் வந்தது.

மாமனாரிடம் அந்தக் காலத்தில் வேலை கொடுத்த வீட்டுக்காரர் ஒருவர் நடு நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவள் கணவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மாமனாரின் சிநேகிதர், அந்தக் கிழக் கொத்தனார், மதில் ஓரமாகத் தனியே உட்கார்ந்திருந்தார்.

"அவர் மாதிரி வேலைக்காரன் இனிமே பொறக்கணும்" என்றார் வீட்டுக்காரர். "எங்க வீட்டுத் தொட்டிக்கு அடித்தளம் நாலு இஞ்சு போதும்னு நான் சொன்னேன். சண்டை போட்டு ஆறு இஞ்சு போட வச்சாரு. அடித்தளம் சரியில்லாத தொட்டி, அடுத்த வீட்டுக்காரனுக்கு வைக்கிற விஷம்னாரு. அடுத்தவன் வீட்டுக்கே ஆறு இஞ்சுன்னா, தன் வீட்டுக்கு ஒரு அடி போட்டிருப்பாரே! ஏம்மா, நீதானே நின்னு வேலை பாத்தே? பழைய தொட்டியை உடைச்சப்போ எவ்வளவு இருந்துச்சு?"

கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டார். முழங்கால்மேல் இருந்த கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. கணவன் அவள் முகத்தைப் பார்த்தான். நாத்தனாரும் பார்த்தாள்.

"உடைக்க எங்க முடிஞ்சுது?" என்றாள் மருமகள். "கடப்பாரை வளைஞ்சதுதான் மிச்சம். லாரிக்காரரே கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. அப்படியே மண்ணைப் போட்டு மூடிட்டோம்."

"அதானே!" என்று வீட்டுக்காரர் தொடையில் தட்டிக்கொண்டார்.

கொத்தனார் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். பிறகு மதிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மெல்ல நடந்து அவளிடம் வந்தார்.

"நீ காலையிலேருந்து நிக்கிறே" என்று சொல்லி, அவள் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஊற்றிக்கொண்டே போனார்.