தட்டில் யார் படுப்பது

விலங்கியல் செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள், மெய்நிகர்க் கண்ணாடிக்குள் இருந்த தவளையைப் பொற்கொடி வெளியே எடுத்து வந்துவிட்டாள்.

அந்தக் கல்லூரியில் நிஜத் தவளையை அறுப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. கண்ணாடியை மாட்டினால் மேசை தெரியும், மெழுகுத் தட்டு தெரியும், தட்டில் மல்லாந்து கிடக்கும் தவளை தெரியும். அறுத்து முடித்ததும் அது வயிற்றை மூடிக்கொண்டு அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும். எதையாவது பிடித்தபடி கண்ணாடியைக் கழற்றினால் பிடித்ததும் கூடவே வந்துவிடும். அதனால் ‘கையை உதறிவிட்டுக் கழற்றவும்’ என்று சுவரில் பெயிண்டால் எழுதியிருந்தது.

பொற்கொடிக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் கத்தி வைக்கும் முன் தவளையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கண்ணாடி மறித்தது. தூக்கி நெற்றியில் ஏற்றிக்கொண்டாள். இடது கை தவளையைப் பிடித்திருந்தது.

“ஏ பிள்ள, கும்பிட வேற நேரமே கிடைக்கலையா?” என்றார் ஆய்வக உதவியாளர் ஆனந்தப்பன்.

“பழக்கம் அண்ணாச்சி. கை தானாப் போயிட்டு.”

தவளை கை கழுவும் தொட்டியில் இறங்கி, சொட்டும் குழாய்க்கு அடியில் உட்கார்ந்துகொண்டது.

பொற்கொடி இந்தத் தேர்வில் ஏற்கெனவே இரண்டு தடவை தவறியவள். கத்தியை எடுத்ததும் தவளையின் முகத்தைப் பார்த்துவிடுவாள். பிறகு கை ஓடாது. இந்தத் தடவையும் போனால் பட்டம் கிடையாது. ஆசிரியர் பயிற்சிக்குப் போகவும் முடியாது. மறுநாள் அரியர் தேர்வுக்கு வந்தவள் அவள் ஒருத்திதான்.

வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் மெலிந்த மனிதர். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். “தவளை எங்கே?”

“தொட்டியில இருக்கு சார்” என்றார் பேராசிரியை ஸ்டெல்லா.

“அதுக்கும் ஒரு கண்ணாடி மாட்டுங்க. உள்ளே போயிடும்.”

அண்ணாச்சி வாரை இறுக்கி மாட்டிவிட்டார். உள்ளே போன தவளை தட்டில் ஏறவில்லை. கண்ணாடி போட்டவர்கள் மேசையோரம்தான் நிற்க வேண்டும். அதுவும் நின்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டது.

“அப்போ தட்டுல யாரு படுக்க?” என்றார் அண்ணாச்சி.

“நான் படுக்கேன்” என்றாள் பொற்கொடி.

கண்ணாடியைத் தலைகீழாக மாட்டினால் தட்டில் படுக்கலாம். அவள் அப்படியே மாட்டிக்கொண்டாள். முதுகுக்கு மெழுகு குளுமையாக இருந்தது. தவளை குனிந்து அவள் முகத்தைப் பார்த்தது. அதற்கும் கை ஓடவில்லை.

“பரவால்ல, வெட்டு” என்றாள்.

தேர்வாளர் தன் கண்ணாடியோடு வந்து நின்றார். “இதயம்?”

தவளை தொட்டுக் காட்டியது.

“எத்தனை அறை?”

“எனக்கு நாலு சார். அதுக்கு மூணு” என்றாள் பொற்கொடி.

கல்லீரல், இரைப்பை, குடல் எல்லாவற்றையும் தவளை தொடத் தொட அவள் தடங்கலில்லாமல் சொன்னாள். கூசியபோது மட்டும் சிரித்தாள். கடைசியில் வயிற்றை மூடிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

தேர்வாளர் யோசித்தார். “படுத்தவங்களுக்கு மார்க் உண்டா மேடம்?”

“இத்தனை வருஷமாத் தவளைக்குக் கொடுக்கலையே சார்.”

“கொடுத்திருக்கணும்” என்றார் அவர்.

பொற்கொடி தேறினாள். தவளைக்கும் விட்டுப்போன மதிப்பெண்களையெல்லாம் கூட்டிப் போட்டார்கள். அது முதல் வகுப்பு.

அதன் பிறகு தவளை கண்ணாடியைக் கழற்றவில்லை. யாரும் கழற்றச் சொல்லவும் இல்லை. பட்டமளிப்பு விழாவிலும் கறுப்பு அங்கியின் மேல் கண்ணாடியோடுதான் நின்றது. பட்டம் அதன் உயரத்துக்குப் பெரியதாக இருந்ததால் இரண்டையும் பொற்கொடியே வாங்கிப் பிடித்துக்கொண்டாள். தவளை ஒரு கையால் அவள் விரலைப் பிடித்திருந்தது. மேடைப் படி இறங்கும்போது, தன் பட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று அதற்குத் தோன்றியது. கண்ணாடி மறித்தது. தூக்கி நெற்றியில் ஏற்றிக்கொண்டது. விரலைப் பிடித்திருந்ததால் பொற்கொடியும் அதன் பக்கத்துக்குக் கூடவே வந்துவிட்டாள்.

வெளியே மழை அப்போதுதான் விட்டிருந்தது. பொற்கொடி இரண்டு பட்டங்களையும் ஈரம் படாமல் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, இங்கே பேருந்து எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்டாள். தவளை முன்னால் தத்திப் போய் வழி காட்டியது.