ஏழாம் மாதப் படம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. ஓய்வுபெற்ற எக்ஸ்ரே ஊழியர் ஜேசுதாசன் காப்பிக் கடையில் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியிலிருந்து திருடியது. "அப்பல்லாம் வயித்துப் புள்ளைய படம் புடிச்சுத்தான் பார்ப்பாங்க." சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகப் பால் கலக்காத தே ஓ குடித்தார். நான்தான் என் கோப்பையைத் தள்ளிவைத்தேன்.

2

1958. சிராங்கூன் சாலையில் டாக்டர் இராஜரத்தினத்தின் கிளினிக். (முதலில் 'மழை பெய்துகொண்டிருந்தது' என்று தொடங்கினேன். எல்லோரும் மழையில்தான் தொடங்குகிறார்கள். அடித்துவிட்டேன்.) ஏழு மாதக் கர்ப்பிணியான கண்மணி படுத்திருக்கிறாள். டாக்டர் கையாலேயே அழுத்திப் பார்த்துவிட்டார். பிள்ளை ஒழுங்காக இருக்கிறது. அதோடு அனுப்பியிருக்கலாம்.

"பக்கத்து வீட்டு நஃபீசாவுக்குப் படம் புடிச்சீங்களாமே டாக்டர். புடிச்சதும் முதுகுவலியே போயிடுச்சாம். எனக்கும் புடிச்சிடுங்க."

அவருக்கும் புது மெஷின்மேல் ஆசை.

"அதுக்கென்ன, எடுத்தாப் போச்சு. அசையாமக் கிடவுங்கோ."

[* இவர் ஒன்றும் தெரியாதவர் அல்ல. கருவிலேயே எக்ஸ்ரே பட்ட பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோய் கூடுதலாக வருகிறது என்று லண்டனிலிருந்து வந்த மருத்துவப் பத்திரிகையில் படித்திருந்தார். ஒரே ஒரு படம்தானே என்று நினைத்தார். எனக்கு அவர்மேல் கோபம்.]

3

ஈரம் சொட்டும் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்தார். தலை கீழே, முதுகெலும்பு வளைந்து… வாக்கியம் சப்பென்று இருந்தது. காட்சியை மறுபடி எழுதினேன். இம்முறை படத்தில் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. அதுவும் சரிவரவில்லை. அடுத்த வரைவில் இரண்டு கைகளாலும் முகத்தை மூடியிருந்தது. அப்படி எழுத நான் நினைக்கவே இல்லை. எழுதியது என் பேனாதான், ஆனால்…

படுக்கையிலிருந்து கண்மணி கேட்டாள்.

"இன்னும் எத்தனை தடவை டாக்டர்?"

"இதுதானே தங்கச்சி முதல் தரம்."

அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வரைவிலும் அவருக்கு அது முதல் படம். அவள் உடம்பில்தான் ஒவ்வொரு படத்தின் கதிரும் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. நான் எழுதிக்கொண்டிருந்த பக்கமாகப் பார்த்தாள். நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

4

பயந்துபோய் நல்லதாக ஒன்று எழுதினேன்.

"படம் தேவையில்லை. பிள்ளை நல்லாத்தான் கிடக்கு. வீட்டுக்குப் போங்கோ" என்றார் டாக்டர்.

கண்மணி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். வாசல்வரை போனவள் நின்றாள்.

"அப்ப முன்னாடி எடுத்ததெல்லாம்?"

நான் அடித்த வரிகள் காகிதத்திலிருந்துதான் போயிருந்தன.

5

பையனுக்கு நான்கு வயதில் விடாத காய்ச்சல் வந்தது. உடம்பில் ஆங்காங்கே… இல்லை. பையன் நன்றாக வளர்ந்து, படித்து… இதுவும் வேண்டாம். அவனுக்கு என்ன ஆகும் என்று அந்த டாக்டருக்கே தெரியாது, எனக்கெப்படித் தெரியும்? எதை எழுதினாலும் சரிதானா என்று பார்க்க அந்த அறைக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். நான் போக மாட்டேன். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எங்காவது குறிப்பு விட்டிருப்பேனோ என்று மேலே போய் இன்னொரு முறை படித்துவிடாதீர்கள். படித்தால் அவர் அவளை மறுபடியும் படம் எடுப்பார்.