இடப்பக்கச் சுழற்சி

மூன்று மணி அடித்து ஓய்வதற்குள் என் பிரபு இடது கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டுவிட்டார், பதற்றம் வந்தால் அதைத்தான் செய்வார், தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்கு அலட்சியம் மாதிரி தெரியும், நல்லது, அப்படியே தெரியட்டும்... அலட்சியம் தொரியுமி வம்சத்துக்குப் பொருந்தும். கோட்டின் முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. காலையில் நானே தேய்த்தேன், வேறு யாரையும் தொடவிடவில்லை. கழுத்துப்பட்டையைக் கட்டிவிடும்போது தாடையை உயர்த்திக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை, வழக்கமாக அந்த நேரத்தில்தான் அதிகம் பேசுவார். பதற்றம்தான். வேறென்ன இருக்கும். கூடத்தில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், வீட்டு ஆட்களான நாங்கள் ஜன்னல் சுவரோரம் வரிசையாக, ஆளுக்கொரு அரக்குத் தட்டு, தட்டில் மாற்றுக் கையுறைகள். வியர்த்த கையுறையோடு ஒரு பெண்ணின் கையைப் பிடிக்கக் கூடாதாம், மேல்நாட்டுப் பழக்கம், எல்லாப் பழக்கத்தையும் கற்றுக்கொண்டாகிவிட்டது. சாமந்தி பார்க்க வாருங்கள் என்றுதான் குரோசே பிரபுவின் அழைப்பு. தோட்டம் முழுக்கச் சாமந்தி, ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. எல்லோரும் பார்க்க வந்தது அவர் மகள் ஹிசாகோவை, ஹிசாகோ பார்க்கப்போவது என் பிரபுவின் கால்களை. பாரிஸில் வளர்ந்த பெண், மேல்நாட்டு ஆட்டம் ஆடத் தெரியாதவனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அப்பாவிடமே சொன்னவள். இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியாயிற்று, ஒருவர் உதடு அசைய அடிகளை எண்ணிக்கொண்டே ஆடினாராம், இன்னொருவர் அவள் பாவாடை விளிம்பை மிதித்தாராம். இன்றைக்கு என் பிரபு, தொரியுமி நொபுச்சிகா, இருபத்தைந்து வயது, டேவா மலைநாட்டை ஆண்ட குடும்பம். பெரியம்மா, பிரபுவின் தாயார், இந்தச் சம்பந்தத்துக்காக ஏறாத கோயில் இல்லை. எனக்கு வேண்டுதல் எதுவும் கிடையாது. பயம் மட்டும் ஒன்று உண்டு. அந்த இடப்பக்கச் சுழற்சி.

பக்கத்தில் நிற்பவன் தொகிதா, மினாசே வீட்டு ஆள், வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரியாதவன். "என்ன உமெசு, பொம்பள பாகம் ஆடிக் காட்டினது நீதானாமே? ஊரெல்லாம் பேச்சு." எதிரே பார்த்தபடி, உதடு அசையாமல் கேட்கிறான். "ஆமா. நல்லாவே ஆடினேன்." "பாவாடை கட்டிக்கிட்டா?" "இல்ல. உங்க சின்னவர் போன மாசம் மந்திரி சம்சாரத்தோட பாவாடையில சிக்கி விழுந்தாரே, அதைப் பார்த்த பயம்." அந்தப் பக்கம் நின்றவன் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டான். வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது? கல்யாணத்துக்கு முன்னால் என் மகன் கையை ஒரு பொம்பளை பிடிக்கக் கூடாது, அதுவும் ஒரு வெள்ளைக்காரி, என்று பெரியம்மா சொல்லிவிட்டார். ஆட்டம் சொல்லித்தர வந்த மதாம் ரெனார் பியானோவோடு நின்றுகொள்ள வேண்டியதாயிற்று. வடக்கு அறையில் பாய்களைத் தூக்கிவிட்டு, தரைப் பலகையைத் தேய்த்து மெழுகு போட்டோம், திரைக்கு அந்தப் பக்கம் பெரியம்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், இந்தப் பக்கம் நான் என் பிரபுவின் தோளில் கை வைத்துப் பின்னோக்கி நடப்பேன். வசந்தத்தில் தொடங்கியது. பின்னோக்கிப் போவது, பார்வையை அவர் தோளுக்கு மேலே நிறுத்துவது, வழி தெரியாமல் இன்னொருவர் கையை நம்பிக் கால் வைப்பது... வாள் பிடித்துப் பழகியவனுக்குக் கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். அதையும் கற்றேன். இந்தக் கூடத்தில் இருக்கிற எந்தப் பெண்ணைவிடவும் எனக்கு அது நன்றாகத் தெரியும், யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது, ஆனால் தெரியும்.

எல்லாம் வந்தது அவருக்கு. முதுகு, கழுத்து, கைநீட்டு, வலப்பக்கம் சுழன்றால் கிண்ணத்தில் சாராயம் சிந்தாது. இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் அரை அடி குறைப்பார், ஒரு கணம் நிற்பார், பிறகுதான் முடிப்பார். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்... "இங்க தேங்கிடறீங்க பிரபு. தண்ணி மாதிரி போகணும்." "அந்த இடம் எனக்கு வரவே மாட்டேங்குது உமெசு. மரமண்டை." "மரமண்டைன்னா வலப்பக்கமும் வராதே." "பாதி மரம்னு வச்சுக்கோ." சிரிப்பார். எனக்குக் கோபம் வரும், திரைக்குப் பின்னால் பெரியம்மாவின் விசிறி நின்றுபோகும். ஒருநாள் மதாம் ரெனார் வாசிப்பதை நிறுத்திவிட்டு என் காலைக் காட்டி ஏதோ கேட்டாள், அவள் மொழி எனக்குத் தெரியாது, பிரபு சட்டென்று குறுக்கே ஏதோ சொன்னார், அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி வாசிக்க ஆரம்பித்தாள், அதற்குப் பிறகு அந்தத் தவறைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. "என்ன கேட்டாங்க?" என்றேன். "உன் ஷூ நல்லா இருக்காம். எங்க வாங்கினேன்னு கேட்கிறா." மாணவன் திருந்த மாட்டான் என்று அவள் கைகழுவிவிட்டாள் என்றுதான் நினைத்தேன், நான் கைகழுவவில்லை, நேற்றுகூட அதே இடத்தை மறுபடி மறுபடி ஆடவைத்தேன், நேற்றும் தேங்கினார்.

வயலின்காரர்கள் தந்திகளை முறுக்குகிறார்கள், இன்னும் ஆரம்பிக்கவில்லை, என்ன தாமதம். நின்றுகொண்டே இருந்ததில் முழங்கால் கனக்கிறது. தெற்குக் கலகத்தை அடக்கப் போன படையில் நான் இருந்தேன், அப்போது வாங்கிய குண்டு, இடது முழங்காலுக்குச் சற்றுக் கீழே. இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மணிக்கணக்காக மண்டியிட்டு உட்காருவேன், முகம் மாறாது, மாடிப்படியை மற்றவர்கள் மாதிரியே ஏறுவேன், நொண்டி என்ற சொல்லை என் மேல் விழவிட்டதில்லை, நான் காத்த கோட்டை என்று ஒன்று இருந்தால் அதுதான். எங்கள் உமெசு வம்சத்தில் தழும்பு புதிதல்ல. என் கொள்ளுத்தாத்தா அந்தக் காலத்துத் தொரியுமி பிரபுவின் மேல் கொண்ட அன்புக்குச் சத்தியமாகத் தன் தொடையில் கத்தியை இறக்கிக்கொண்டவர், அதை ஒளித்துச் சொன்னதில்லை எங்கள் வீட்டில், விருந்தாளிக்குச் சாராயம் ஊற்றிக்கொண்டே சொல்வார்கள், பிரபுவும் கண்கலங்கினாராம் என்று முடிப்பார்கள். இப்போது நாமெல்லாம் மேல்நாட்டுக் கோட்டு போட்டுக்கொண்டாகிவிட்டது, அப்படிப்பட்ட அன்புக்கு இந்தக் கோட்டில் பை இல்லை. எனக்குள் இருப்பதற்கு என்ன பெயர் என்று தெரியாமல் இல்லை. தெரியும். அதனால்தான் போன வாரம் பெரியம்மாவிடம் போய், கல்யாணம் நிச்சயமானதும் டேவாவுக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே குடும்பக் கல்லறைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே, என்று கேட்டேன். பெரியம்மா, "உன் இஷ்டம்" என்றார். காரணம் கேட்கவில்லை. புருஷனும் மனைவியும் தூங்கும் அறைக்கு வெளியே தண்ணீர்ச் செம்போடு நின்று விடியக் காத்திருப்பவன் ஒரு உமெசுவாக இருக்க மாட்டான். ஒரு குறையும் இல்லாத மனிதராக அவரை இந்தக் கூடத்தில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து போவேன். அதற்கு அந்த ஒரு சுழற்சி சரியாக வர வேண்டும்.

ஆரம்பித்துவிட்டார்கள். பிரபு ஹிசாகோவின் முன் குனிகிறார், சரியான குனிவு, முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து, அவள் கையைக் கொடுக்கிறாள், வெளுத்த மஞ்சள் பட்டு, உயரமான பெண், கண்ணில் பரிகாசம். போகட்டும், பரிகசிக்கட்டும். வலப்பக்கம், வலப்பக்கம், நீளமான அடிகள், ஓரத்தில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். என் இடது கை தட்டின் அடியில் தாளம் போடுகிறது, நிறுத்து. அவள் கண்ணில் இருந்த பரிகாசம் போய்விட்டது. மூலையை நெருங்குகிறார்கள், அந்த மூலையில் இடப்பக்கம்தான் திரும்ப முடியும், தேங்கினால் அவள் பாவாடை விளிம்பு அவர் காலுக்குக் கீழே வரும், எனக்குத் தெரியும், நூறு முறை நான் அந்த விளிம்பாக இருந்திருக்கிறேன், இதோ... மூச்சை விடு உமெசு... திரும்பிவிட்டார். தேங்கவில்லை. முழு அடி. தண்ணீர் மாதிரி. எதிர் மூலையிலும் அப்படியே, அரை அடி அல்ல, முழு அடி, நிற்காமல், அவள் சிரிக்கிறாள், வாய்விட்டு. தொகிதா மெல்ல, "அடேயப்பா," என்கிறான். குரோசே பிரபு நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்காருகிறார். என் நெஞ்சு கோட்டுப் பொத்தானைத் தெறிக்கவிடும் போல இருக்கிறது. பாருங்கள், எல்லோரும் பாருங்கள், மலைநாட்டான் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்களும் பாருங்கள். நான் சொல்லிக்கொடுத்தது அது. அந்தக் கழுத்து, அந்தக் கை, அந்த...

அந்தச் சுழற்சியை நான் சொல்லிக்கொடுக்கவில்லையே. நேற்று வரை வரவில்லையே. ஒரே இரவில் எப்படி வந்தது? மறுபடி மூலை. மறுபடி முழு அடி. கற்றுக்கொண்டவன் காலில் கொஞ்சம் பயம் இருக்கும், பழைய தவறு எட்டிப் பார்க்கும், இதில் ஒன்றுமில்லை, இது எப்போதும் வந்துகொண்டிருந்த கால்... எப்போதிலிருந்து? முதல் வாரம், மழை, இடப்பக்கம் திரும்பும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது, அவர் தோளை இறுக்கிப் பிடித்துவிட்டேன், பலகை வழுக்குது பிரபு என்றேன், ஆமா வழுக்குது என்றார். மறுநாளிலிருந்து அவருக்கு அந்த இடம் வராமல் போயிற்று. மறுநாளிலிருந்துதான். இடப்பக்கம் சுழலும்போது மொத்த உடம்பும் ஒரு கணம் இடது முழங்காலில் வந்து நிற்கும், என் முழங்காலில், அந்த ஒரு கணம்தான் அவர் தேங்கிய கணம், அரை அடி குறைந்தால் எனக்கு வலிக்காது, வலிக்கவே இல்லை, இத்தனை மாதம், நான் அதை ஒருநாளும் யோசிக்கவில்லை, கால் தேறிவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். மதாம் ரெனார் காட்டியது என் ஷூவை அல்ல. தெரிந்திருக்கிறது. நொண்டி என்று பிரபுவுக்குத் தெரிந்திருக்கிறது. முகம் எரிகிறது... யார் கேட்டார்கள் இவரை, என் காலுக்கு இரங்கச் சொல்லி யார் கேட்டார்கள்? திரைக்குப் பின்னால் தாயார் கேட்டுக்கொண்டிருக்க, ஒரு வேலைக்காரனிடம் தினமும் திட்டு வாங்கினார், மரமண்டை என்று தன்னையே சொல்லிக்கொண்டார், நான் ஒரு கணம்கூட... தொரியுமி வம்சத்தில் எந்தப் பிரபுவும் எந்த உமெசுவுக்காகவும் இப்படித் தலைகுனிந்ததில்லை. கொள்ளுத்தாத்தாவின் பிரபு கண்கலங்கினார், அவ்வளவுதான். என் பிரபு... தட்டை நேராகப் பிடி. கையுறைகள் சரிகின்றன.

இசை நின்றது, கைதட்டுகிறார்கள், ஹிசாகோ விசிறியை விரித்துக்கொண்டு தோழிகள் பக்கம் போகிறாள், பிரபு யாருக்கும் பதில் சொல்லாமல் கூடத்தைக் குறுக்கே கடந்து நேராக என்னிடம் வருகிறார், தொகிதா மரியாதையாக இரண்டடி தள்ளி நின்றுகொள்கிறான். கையை நீட்டுகிறார். விரல் விரலாகக் கழற்றுகிறேன், ஈரம், உள்ளங்கை சூடு. "எப்படி இருந்துச்சு?" என் தலைக்கு மேலே ஜன்னலைப் பார்த்துக் கேட்கிறார். "தண்ணி மாதிரி போச்சு, பிரபு." "சொல்லிக்கொடுத்தது நீ." "நான் சொன்னதை நீங்க ஒருநாளும் செய்யல. இன்னைக்குத்தான் செஞ்சீங்க." இப்போதுதான் என்னைப் பார்த்தார். காது நுனி சிவந்தது, மறுக்கவில்லை, மரமண்டை என்றும் சொல்லவில்லை. புதுக் கையுறையை ஏற்றுகிறேன், மணிக்கட்டுப் பொத்தான் சின்னது, துளை அகப்படவில்லை, காலையில் அகப்பட்டதே... குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் பேசுகிறார், அதில் கோபம் இருக்கிறது, தொரியுமி கோபம், அதைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. "நேத்து அம்மா சொன்னாங்க. டேவாவுக்கு அனுப்புங்கன்னு நீயே போய்க் கேட்டியாமே." "ஆமா, பிரபு." "தேநீருக்கு உட்காரும்போது இந்தக் கல்யாணத்துக்கு குரோசே என்கிட்ட பதில் கேட்பார். உன்னைக் கேட்காம நான் எதுவும் சொல்றதா இல்ல." பொத்தான் இன்னும் என் விரல்களுக்கு நடுவில். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"போறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னால நீ என்னை ஒரு வார்த்தை கேட்டியா, உமெசு?"