எங்கே செய்யவில்லை

நவநீத் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தபோதே துசியந்தி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாள். நல்ல செய்தி கொண்டுவருகிற மேலாளர் நின்றபடியே சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

"குவைத்துக்குப் போன சரக்கோட சர்டிபிகேட்ல 'இஸ்ரேல்ல செஞ்சது இல்ல'ன்னு ஒரு வரி இருக்கு துசி. எங்க செஞ்சதுன்னு எழுதலாம். எங்க செய்யலைன்னு எழுதிக் குடுக்கக் கூடாது. இஸ்ரேலை ஒதுக்கிவைக்கிற அடுத்தவன் பாய்காட்டுக்கு நாம துணை போன மாதிரி. அமெரிக்கச் சட்டத்துல அதுக்குப் பெரிய அபராதம்."

இலண்டன் குரோய்டனில் இருந்து தண்ணீர்ப் பம்புகள் அனுப்பும் அமெரிக்கக் கம்பனியின் கிளை அது. கப்பல் கடதாசிகள் எழுதுவது துசியந்தியின் வேலை. வாங்குகிறவன் கேட்ட சொல்லை எழுத்துக்கு எழுத்து திருப்பி எழுதவேண்டும். ஒரு கால்புள்ளி பிசகினாலும் பணம் கொடுக்கிற வங்கி ஏற்காது. சட்டத்தை விட வங்கிக்குப் பயந்து பழகியவள், குவைத்துக்காரன் கேட்ட அந்த வரியையும் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே எழுதிவிட்டிருந்தாள்.

"நாமளே முந்திக்கிட்டுச் சொன்னா அபராதம் குறையும். யார் எழுதினதுன்னு அமெரிக்கால இருந்து இன்னைக்குள்ள கேக்கிறாங்க." நவநீத் குரலைத் தாழ்த்தினார். "கம்பெனி முத்திரைதான் இருக்கு, பேர் இல்ல. உங்ககூட இதே வேலை பார்த்த கிறிஸ்துநாயகம் சாரும் அந்த வாரம் இருந்தார். இப்ப ரிட்டையர் ஆயிட்டார், அவரை யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. உங்க பேர்னா வேலை நிலைக்கும்னு என்னால சொல்ல முடியலை."

அவருக்கு விசாக் கதை தெரியும். அந்த மாடியில் தெரியாதவர் யார்? துசியந்தியின் கணவன் பிரவீணனுக்குக் குவைத் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் வேலை. கல்யாணம் முடிந்து சேர்ந்து இருந்தது ஒரு மாதம்கூட இல்லை. அவனை இலண்டனுக்குக் கூப்பிட அவளுடைய மாதச் சம்பளச் சீட்டுகள் வேண்டும்; இன்னும் இரண்டு சேர்ந்தால் போதும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

குவைத்துக்குப் பம்பு போகும் நாட்களில் அவள் கீழே இறங்கிப்போய்ப் பெட்டி மூலையில் மார்க்கரால் ஒரு பிறை கீறுவாள். சில கிழமை கழித்துப் பெட்டி போய்ச் சேர்ந்ததும், அந்தப் பிறையில் கை வைத்தபடி அவன் படம் அனுப்புவான். பெட்டிக்கு விசா தேவையில்லை. மரப் பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்படுகிற பெண் இலண்டனில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

மதியம் வெளியே நின்று பிரவீணனுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, என்ர பேரைச் சொன்னால் வேலை போகும். விசாவுக்குத் திரும்ப முதலிலயிருந்து தொடங்கவேணும்."

அங்கே ஏதோ இயந்திரம் இரைந்து ஓய்ந்தது. "அந்த ஐயான்ர பேரைச் சொல்ல ஏலாதோ?"

"பிரியாவிடையில அவர் என்ன சொன்னவர் தெரியுமே? 'என்ர கையால போன ஒரு கடதாசியும் பிழையெண்டு திரும்பி வரேல்லை.' அதைச் சொல்லேக்க அழுதுபோட்டார்."

அவன் நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "லண்டன் குளிருக்கு ஜாக்கெட் வாங்கிப்போட்டன்," என்றான். "கதவுக்குப் பின்னால கொழுவியிருக்கு. இந்த வெயிலுக்க உனக்கென்ன விசரோ எண்டு அறைப் பெடியள் சிரிக்கிறாங்கள்."

சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. அந்த நேரத்தில் அவனுடைய தோளில் ஒருதரம் தலையைச் சாய்க்கக் கிடைத்தால் போதும் என்றும் இருந்தது.

பின்னேரம் நவநீத்தின் மேசைக்குப் போனாள்.

"நான்தான் எழுதினனான்."

"யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"ஓம்."

அவர் அவளுடைய பெயரைத் தட்டச்சு செய்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துக்கொண்டாள், பழக்கம் விடவில்லை.

'சொல்லிப்போட்டன்' என்று பிரவீணனுக்கு அனுப்பினாள். இரண்டு சரிக்குறிகளும் நீலமாகின. பார்த்துவிட்டான். வெளியே ஐப்பசிக் குளிர். டிராமில் ஏறி யன்னலோரம் இருந்தாள். மடியில் கிடந்த போனைப் பார்க்கப் பயமாக இருந்தது.

இரண்டு தரிப்பிடம் கழிந்து ஒரு படம் வந்தது. கிட்டங்கி வாசலில், இராப் புழுக்கத்தில், விளக்கு வெளிச்சத்தில், பிறை கீறிய பெட்டியின்மேல் அவன் குந்தியிருந்தான். தடித்த கறுப்பு ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடியிருந்தான். நெற்றியிலும் மீசையிலும் வியர்வை வழிந்தது. சிரித்துக்கொண்டிருந்தான்.

துசியந்தி விரலால் படத்தைப் பெரிதாக்கி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தக் குளிரிலும் தன் கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள்.