நந்திதுர்க் ஏற்றத்தில் எடுத்த படம்

"பேரு?" என்று கேட்டார் அர்ச்சகர்.

"நோயல்."

அர்ச்சகரின் கை தட்டின்மேல் நின்றது. "நட்சத்திரம்?"

"தெரியாதுங்க. ஆயுசுக்கு மட்டும் வேண்டிக்குங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கினா போதும்."

தீபத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேந்தன் வெளியே வந்தார். எண்பத்தெட்டு வயது நோயல் ஞாயிறு விடிவதற்குள் கண்மூடிவிடக் கூடாதே என்ற அச்சம் ஒரு வாரமாக அவருடைய உணவையும் உறக்கத்தையும் தின்றுகொண்டிருந்தது. பகைவனின் உயிருக்காக இவ்வளவு உருகி ஒருவன் வேண்டியதை அந்த முருகன் அதுவரை கேட்டிருக்கமாட்டான்.

சென்ற மாதம் பெங்களூரிலிருந்து விநாயக் என்ற இளைஞர் வேந்தனின் வீடு தேடி வந்திருந்தார். பழைய பாரவண்டிகளை வாங்கிச் செப்பனிடுவது அவருடைய பித்து. உலகப் போரில் டாங்கி இழுத்துவிட்டுத் தங்கச் சுரங்கத்திற்கு வந்துசேர்ந்த லாரி ஒன்று நாற்பதாண்டு கொட்டகையில் துருவேறிக் கிடந்ததை எடுத்து, மீண்டும் உறுமவைத்திருந்தார். மைசூர் மைன்ஸ் மைதானத்தில் அதற்கொரு விழா. கூடவே பழைய புகைப்படங்களின் கண்காட்சி. அதை ஓட்டியவர்களில் உயிரோடிருக்கும் ஒரே ஓட்டுநரான நோயலுக்கு மாலை. "அங்கிள், ஸ்வல்ப பார்த்து யார் யாருன்னு சொல்லுங்க" என்று படங்களைப் பாயில் பரப்பினார்.

ஏழாவது படத்தில் வேந்தனின் விரல் நின்றது.

நந்திதுர்க் ஏற்றம். டிரெயிலரின்மேல், சுரங்கக் கூண்டை ஏற்றி இறக்கும் கம்பிவடம் சுற்றுகிற பேருருளை, சங்கிலிகளால் பிணைக்கப்பட்ட யானைபோல் நின்றது. வண்டியின் முன்னே பதினொருவர் வரிசையாக நின்று சிரித்தார்கள். ஓட்டுநரின் கதவு திறந்து கிடந்தது. ஆளற்ற அந்த இருக்கையின் வழியே, அப்பாலிருந்த, பொன் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைட் மண்மேடு வெள்ளையாகத் தெரிந்தது.

வேந்தனின் தந்தை ராஜப்பா அந்த வண்டியின் கட்டைக்காரர். ஏற்றத்தில் வண்டி நிற்கும்போதெல்லாம் பின்சக்கரத்தின் அடியில் ஆப்புக்கட்டையைத் திணித்து, அதன் கயிற்றைப் பிடித்தபடி குந்தியிருக்க வேண்டும். இடப்பக்கம் அவர், வலப்பக்கம் பெருமாள். கட்டை மட்டும் அந்தப் பாரத்தைத் தாங்காது. ஓட்டுநரின் கால் பிரேக்கின்மேல் இருந்தே ஆகவேண்டும். பாரம் ஏற்றத்தில் நிற்கும்வரை ஓட்டுநர் இறங்கக் கூடாது, கட்டைக்காரர் எழக் கூடாது என்பது அந்த வேலையில் மீற முடியாத சட்டம். இந்தப் பேருருளையை ஏற்றிச்சென்ற அன்றுதான் வண்டி பின்வாங்கியது. இரண்டு கட்டைகளும் சிதறின. பெருமாள் சக்கரத்தின் கீழ் போனார்.

விசாரணையில் நோயல், தான் இருக்கையில் பிரேக்கை மிதித்தபடியே இருந்ததாகச் சொன்னார். மற்ற பத்துப் பேரும், அவர்களுள் மேலாளர் ஒருவரும், ஆமென்றார்கள். வண்டியைச் சுற்றி அவரவர் இடத்தில் நின்றிருக்க வேண்டியவர்கள் படத்திற்கு நின்றிருந்தார்களே, வேறென்ன சொல்வார்கள்? படம் பெட்டிக்குள் போய்விட்டது. செத்தவர்மேல் பழிபோட மனம் வராமல், பிழைத்தவர்மேல் போட்டார்கள். ராஜப்பாவின் வேலை போயிற்று. சுரங்கம் கொடுத்த லைன் வீடு போயிற்று. பேத்தமங்களாவில் பிறர் வயலில் வரப்பு வெட்டி, பதினான்கு ஆண்டுகள் கழித்துச் செத்தார். ஏழு வயதிலிருந்து வேந்தனுக்கு ஊரில் ஒரே பெயர்: கட்டை போடாதவன் மகன். பள்ளியில் அழைத்தார்கள், பெங்களூர் வேலைக்குப் போகும் விடியற்கால ரயிலிலும் அழைத்தார்கள். படத்தில் தன் தந்தையை வேந்தன் ஒவ்வொரு முகமாகத் தேடினார். எவன் தன் வேலையில் இருந்தானோ அவன் படத்தில் இல்லை.

விநாயக்கிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. பெயர்களை எழுதித் தந்தார். பிறகு பெருமாளின் மகள் அன்புச்செல்வியின் வாசலில் போய் நின்றார். ஐம்பது ஆண்டுகளில் அது முதல்முறை.

"எதுக்கு வரணும்?" என்றாள் அவள், கதவை முழுதும் திறக்காமல். "உங்கப்பன் போடாத கட்டைய கண்ணாடிப் பொட்டியில வெச்சிக்கிறாங்களா?"

"வந்து பாரும்மா. பார்த்துட்டு என்னைத் துப்பணும்னா துப்பு."

ஞாயிறன்று வெயில் ஏறியிருந்தது. மாலையின் பாரத்தில் சற்றே குனிந்து சக்கர நாற்காலியில் வீற்றிருந்தார் நோயல். முன்வரிசையின் ஓரத்தில் அன்புச்செல்வி அமர்ந்திருந்தாள். கண்ணாடிச் சட்டமிட்டு வைத்திருந்த அந்தப் படத்தில் இருப்பவர்களின் பெயர்களைப் படிக்கும்படி விநாயக் ஒலிவாங்கியை வேந்தனிடம் கொடுத்தார்.

"கண்ணு போயி ஏழு வருசம் ஆச்சு மேன்" என்றார் நோயல். "சத்தமா படி. நான் எங்க கீறேன்?"

"நட்ட நடுவுல சார். மட்கார்டுமேல கையை ஊணிக்கினு, தொப்பியைச் சாய்ச்சி வெச்சிக்கினு."

"அந்த மாதிரித் தொப்பி அப்ப மேனேஜர்கிட்டகூட இல்ல" என்று நோயல் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. வேந்தனும் சிரித்தார், அந்தச் சிரிப்பு அவருடைய நாவில் இனித்தது.

பதினொரு பெயர்களையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். "பின்னாடி உருளை நிக்குது சார். நந்திதுர்க் ஏத்தம்."

நோயலின் சிரிப்பு உதட்டிலேயே நின்றுபோயிற்று.

"எல்லாரையும் படிச்சிட்டேன். சீட்டுல இருக்கறது யாருன்னு மட்டும் நீங்க சொல்லுங்க சார்."

"சீட் காலிதானே அங்கிள்?" என்றார் ஒன்றும் அறியாத விநாயக், படத்தை உற்றுப் பார்த்து. "அந்தப் பக்கத்து மேடுகூடத் தெரியுதே."

அன்புச்செல்வி எழுந்தாள். படத்தருகே சென்று, கண்ணாடியின்மேல், திறந்த கதவுக்குள் இருந்த வெள்ளை மேட்டின்மீது ஒரு விரலை வைத்தாள். நெடுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு திரும்பி, நோயலைப் பார்க்காமல் வேந்தனைப் பார்த்தாள்.

"யாரு மேன் நீ?" என்றார் நோயல்.

வேந்தன் குனிந்து, அவருடைய காதோரம் சொன்னார். "ராஜப்பா மவன்."

"ரெண்டு நிமிசந்தான்" என்றார் கிழவர், காற்றைப் போல. "படம் புடிக்கறவன் கூப்ட்டான். ஹேண்ட் பிரேக் போட்டுட்டுத்தான் எறங்கினேன்."

"அங்கிள், பாவம், வயசானவரு, விட்டுடுங்க" என்று விநாயக் வேந்தனின் தோளைத் தொட்டார்.

வேந்தன் தோளை விடுவித்துக்கொண்டார். ஒலிவாங்கியைக் கொண்டுபோய் நோயலின் உதடுகளில் படும்படி பிடித்தார்.

"அவங்களுக்குக் கேக்கல சார். இன்னொரு வாட்டி."

ஒலிபெருக்கியில் நோயலின் மூச்சு மட்டும் மைதானமெங்கும் கேட்டது. நாற்காலியின் கால்தட்டின்மேல் அவருடைய வலக்கால் மெல்ல முன்னே நகர்ந்து, எதையோ துழாவி, பாதம் முழுதும் பதிய அழுத்தியது. முழங்கால் வெடவெடவென்று நடுங்கிற்று. அந்த நடுக்கத்தில் மாலையிலிருந்து ஒவ்வொன்றாக இதழ்கள் உதிர்ந்தன. அவர் காலை எடுக்கவில்லை; மேலும் மேலும் மிதித்துக்கொண்டேயிருந்தார்.