கறிக்கு எடுத்த மீன்

மீசை முளைத்த நாளிலிருந்து சாய்ந்தமருதுக் கடலில் வள்ளம் ஏறிய பளீல், முழங்கால் உக்கிப்போன பிறகு கம்பனிக்கு வேலைக்குப் போனான். மீனை வெட்டி, ஐசில் இறுக்கி, வெளிநாட்டுக்கு அனுப்புகிற பெரிய கம்பனி. முதலாளி கொழும்பில். அவரைக் கண்ட ஆள் ஊரில் யாருமில்லை. முகம் தெரியாதவனிடம் சம்பளம் வாங்குவதில் பளீலுக்கு நம்பிக்கையே இல்லை. அவன் அறிந்த முதலாளி வள்ளக்காரர் கச்சிமுகம்மதுதான். வாய் நிறைய ஏசுவார். பெருநாளைக்குச் சாரனும் எடுத்துத் தருவார்.

“போ, போ. அங்க ஒண்டுக்குப் போறதுக்கும் கேட்டுத்தான் போகணும். கெதியா இந்த மணலுக்கே வருவாய்” என்று அவர் சிரித்தார்.

அவர் சொன்னதிலும் பொய்யில்லை. விரலை மிஷினில் வைத்தால்தான் கதவு திறந்தது. வெற்றிலை போட ஏலாது. ஆனால் வாடைக் காற்றில் கடல் அடைத்துக் கிடந்த காலத்திலும் மேற்குக் கரை மீன் லொறியில் வந்தது, சம்பளமும் வந்தது. கத்தி பட்ட கைக்கு மருந்து கட்டி லீவும் தந்தார்கள். அவன் பெண்சாதி நாச்சியா முதன்முதலாக வாடைக்குப் பயப்படாமல் உலை வைத்தாள்.

அதுவரை துண்டு மீனோடு கிடந்தவனை ஒருநாள் முழு மீன் இறக்குகிற பக்கம் போட்டார்கள். சூரை குவிந்திருந்தது. வேலை முடிந்ததும், வள்ளத்தில் காலமெல்லாம் செய்ததுபோல, ஒன்றைத் தூக்கி ஷொப்பிங் பையில் போட்டான். வள்ளத்தில் போனவன் கறிக்கு மீன் இல்லாமல் வீட்டுக்குப் போவதில்லை. அதை யாரும் முதலாளியிடம் கேட்பதுமில்லை. கேட்டால் அவருக்குத்தான் மானக்கேடு. பளீல் பையை ஆட்டிக்கொண்டே போய், கேற்றில் நின்ற செக்கியூரிட்டிக்கு ஸலாம் சொன்னான்.

செக்கியூரிட்டி பையைப் பிடித்துக்கொண்டான். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். மஃரிபுத் தொழுகைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, பளீல் கள்ளனென்று. வேலை போனால் போகட்டும், அந்தப் பேரோடு எப்படிப் பள்ளிக்குப் போவது? அவன் கடைசி வரிசையில் தொழுதுவிட்டு, யார் முகமும் பாராமல் வந்தான்.

கச்சிமுகம்மது வீடு தேடி வந்தார். “நானெண்டா ஒரு ஏச்சோட விட்டிருப்பன். வா, வள்ளத்துக்கே வா.”

பளீலுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் முழங்கால் வீங்கிக் கிடந்த விடியலில், ஒரு வார்த்தை கேட்காமல் வேறு ஆளை ஏற்றிப் போனவரும் இவர்தான். யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினான்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் கம்பனி ஒபிசில் வேலை செய்கிற மருதமுனைப் பிள்ளை றுக்ஸானா, கம்பியூட்டர் திரையில் கொழும்புப் பெரியவர் ஒருவர்.

“மாமா, உங்கட பக்கத்தச் சொல்லுங்க.”

“சொல்லி என்ன? எல்லாம் முடிவெடுத்துத்தானே கூப்பிட்டிரிக்கீங்க.”

“இல்ல மாமா. உங்களக் கேக்காம முடிவெடுக்க ஏலா. இங்க சட்டம் அப்படி.”

அவன் பக்கத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை.

“களவெடுக்கிறவன் பைய ஆட்டிக்கிட்டு, ஸலாம் சொல்லிட்டுப் போவானா மகள்? அது கறிமீன். அதில்லாம வீட்ட போக ஒரு மாதிரி.”

றுக்ஸானா சிங்களத்தில் நெடுநேரம் விளக்கினாள். பெரியவர் என்னவோ கேட்டார். ஊரில் எல்லாரும் இப்படித்தானா என்று கேட்கிறார் என்றாள் அவள். பிறகு தானே சிரித்து, ஓம் என்று பதிலும் சொன்னாள்.

முடிவு வர ஒரு கிழமைக்கு மேல் இழுத்தது. களவில்லை, ஒரு எச்சரிக்கை மட்டும். முழு மீனில் கை வைக்கக் கூடாது. ஆனால் கோழித்தீன்காரன் அள்ளிக்கொண்டு போகிற சூரைத் தலைகளில், வியாழன் தோறும் ஆளுக்கொன்று கொண்டு போகலாம், அது எல்லாருக்கும்.

முதல் வியாழன் செக்கியூரிட்டி பையைத் திறந்து பார்த்துவிட்டு, தானே ஸலாம் சொன்னான். பளீல் பள்ளிக்கு முன்னால், தலை நிமிர்ந்து நடந்தான். சந்தியில் கச்சிமுகம்மது நின்றார்.

“என்ன பளீல், வெறுந் தலைதானா?”

“தலைதான். வாடையிலயும் வரும்.”

அவர் கிட்ட வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டார். மருமகனுக்காம்.

“வரச் சொல்லுங்க. முதல் நாளே பையத் தூக்கிட்டு வரப்படாதெண்டும் சொல்லி அனுப்புங்க” என்றான் பளீல்.