முகமும் நூடுல்ஸும் ஒரே எழுத்தானபோது

கின்மென் தீவில் நூடுல்ஸ் பட்டறை நடத்தும் வெங் ஷுஹுய், இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை எழுதினாள். கடற்காற்றில் உலரும் மெல்லிய நூடுல்ஸைப் பற்றி, தீவின் வழக்கப்படி சீன மொழியின் பழைய எழுத்தில், ஒரு கோடும் குறையாமல்.

ஒரு வாரம் கழித்துத் திறந்தால் முழுக் கட்டுரையும் கோடுகளைக் குறைத்த சுருக்க எழுத்துக்கு மாறியிருந்தது. அந்த எழுத்தே வழங்கும் எதிர்க்கரையில், சீனப் பெருநிலத்து ஷியாமெனில் பஸ் ஓட்டும் லான் ஜெங்காயின் வேலை. கூடவே மூன்று நல்ல பத்திகளும் சேர்த்திருந்தார். அவற்றை இழக்க ஷுஹுய்க்கு மனமில்லை. எல்லாவற்றையும் பழைய எழுத்துக்கு மாற்றும் பொத்தானைத் தட்டினாள்.

அங்கேதான் வந்தது வினை. பழைய முறையில் தனித்தனியாக இருந்தாலும், சுருக்க எழுத்தில் நூடுல்ஸுக்கும் முகத்துக்கும் ஒரே எழுத்து. உலர்ந்ததற்கும் வாய் கூசும் ஒரு கெட்ட வார்த்தைக்கும் ஒரே எழுத்து. எது எதுவென்று இயந்திரத்துக்குத் தெரியவில்லை. ‘உலர்ந்த நூடுல்ஸ்’ இருந்த இடத்தில் ஒரு வசை, பக்கத்தில் ஒரு முகம்.

தங்கை மெய்லான் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏக்கா, நம்ம சரக்கையே இப்படித் திட்டி வச்சிருக்கே?”

ஷுஹுய் கோபத்தோடு லானுக்கு எழுதினாள். “உங்க எழுத்து உங்களோட இருக்கட்டும். என் கட்டுரையில ஏன் கை வச்சீங்க?”

“தப்புதான் அக்கா. எங்க ஊர்க்காரங்களுக்குப் படிக்க லேசா இருக்கும்னு நினைச்சேன். முதல்ல எழுதினவங்க எழுத்தை மாத்தக்கூடாதுன்னு இந்தக் களஞ்சியத்துல ஒரு வழக்கம் இருக்கறது தெரியாமப் போச்சு. நானே சரிபண்றேன்.”

சும்மா சொல்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் மனிதர் பஸ் நிற்கும் இடைவேளைகளில் அகராதியைப் புரட்டிப் புரட்டி, ஒவ்வோர் எழுத்தையும் அவள் எழுதியபடியே திருப்பி வைத்தார். அதோடும் விடவில்லை. படிப்பவர் எந்த எழுத்தைத் தேர்ந்தாலும் முகம் முகமாகவும் நூடுல்ஸ் நூடுல்ஸாகவும் தெரியும்படி, இயந்திரம் தடுமாறும் இடத்திலெல்லாம் குறி போட்டார். இருநூற்றுப் பத்து இடங்கள். எட்டு நாள்.

ஷுஹுய் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை. இவ்வளவு பொறுமை தனக்கு வராது என்று தோன்றியது.

“கோவத்துல ஏதோ பேசிட்டேன் தம்பி, மனசுல வச்சுக்காதீங்க,” என்று எழுதினாள். “அடுத்து சிப்பி ஆம்லெட் பத்திச் சேர்ந்து எழுதலாமா? நீங்க தொடங்குங்க, உங்க எழுத்துல.”

“அப்ப உங்களுக்குச் சிரமமாச்சே அக்கா?”

“எட்டு நாள் சிரமப்பட்டவரு கேக்கற கேள்வியா இது?”

மறுநாள் மதியம் அவருடைய முதல் பத்தி வந்தது. பட்டறையின் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, பழக்கமில்லாத அந்தக் கோடு குறைந்த எழுத்துகளைத் தேடித் தேடி, அதன் கீழே இரண்டாவது பத்தியை ஷுஹுய் எழுதத் தொடங்கினாள்.